வாகைக்குப் பின் காஞ்சி

இந்தக் கட்டுரையில் ‘நாங்கள்’ என்று எழுதுவது பெருமை கருதி அன்று. நாங்கள் இருவர், அக்காளும் தம்பியும். எழுதும் கை தம்பியுடையது. கல்லூரியொன்றில் தமிழ் கற்பிக்கும் விரிவுரையாளனும் அவனே. ஆயினும் சொல்லப்போகும் செய்தியில் ஒருவர் பங்கை மற்றவர் பங்கிலிருந்து பிரித்தெடுக்க இயலாது. புறநானூற்றின் 112ஆம் பாடலில், தந்தையை இழந்த பாரி மகளிர் தன்மைப் பன்மையிலேயே பேசுகின்றனர். அந்த வழக்கு எங்களுக்கும் பொருந்தும் என்று கொண்டோம்.

எங்களுக்கு மூத்தவர் ஒருவர் உண்டு. அண்ணன் 1996இல் அமெரிக்கா சென்றார். தெற்கு ஃபுளோரிடாவில் கணினி வேலை. அந்நாளில் எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. மாதம் இருமுறை கடிதம் வரும். தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற எங்கள் தந்தை, மாலையில் திண்ணையில் அமர்ந்து அதை உரக்கப் படிப்பார். எழுத்துப்பிழை இருந்தால் பென்சிலால் திருத்திவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார்.

1997 நவம்பரில் வந்த கடிதம் வழக்கத்தைவிட நீளமானது. அதில் உடல்நலம், பணம், சாப்பாடு எல்லாம் பின்னுக்குத் தள்ளப்பட்டு, பேஸ்பால் என்னும் ஆட்டத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதப்பட்டிருந்தது. “எங்கள் அணி உலகத் தொடரை வென்றுவிட்டது” என்று தொடங்கியது கடிதம். அப்பா அந்த வரியில் நின்றுவிட்டார். பென்சிலை எடுத்தார், திருத்தவில்லை. “எங்கள் அணி என்கிறானே, யாருடைய அணி?” என்று கேட்டார்.

தமிழில் இந்தக் கேள்விக்குப் பொருள் உண்டு. ‘நாம்’ என்றால் கேட்பவரும் உள்ளே. ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே. ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு கிடையாது. ஓராண்டு அயல்நாட்டில் இருந்த பிள்ளை, தன் ஊர் என்று வேறோர் ஊரைச் சொல்லத் தொடங்கிவிட்டான் என்பதை இலக்கணம் அறிந்த அந்த ஆசிரியர் ஒரு சொல்லிலிருந்து கண்டுகொண்டார். வருத்தப்பட்டாரா, மகிழ்ந்தாரா என்று அன்று எங்களுக்கு விளங்கவில்லை. கடிதத்தை மடித்துத் தலையணை அடியில் வைத்துக்கொண்டார்.

*

அண்ணன் ‘எங்கள் அணி’ என்று எழுதியது ஃபுளோரிடா மார்லின்ஸ் என்னும் அணியை. மார்லின் என்பது நீண்ட மூக்குடைய கடல்மீன். அணி 1993இல்தான் களத்தில் இறங்கியது. ஐந்தாவது பருவத்திலேயே, 1997இல், அமெரிக்கப் பேஸ்பாலின் உச்சமான உலகத் தொடரை வென்றது. அதுவரை எந்தப் புதிய அணியும் அவ்வளவு விரைவில் அதை எட்டியதில்லை. தன் பிரிவில் முதலிடம் பெறாமல், ‘வைல்டு கார்டு’ என்னும் பக்கவாசல் வழியே நுழைந்து கோப்பையைத் தொட்ட முதல் அணியும் அதுவே.

அந்த வெற்றியின் பின்னால் பணம் இருந்தது. உரிமையாளர் வேய்ன் ஹைசெங்கா குப்பை அள்ளும் தொழிலில் தொடங்கிப் பெருஞ்செல்வரானவர்; ‘பிளாக்பஸ்டர்’ என்னும் ஒளிநாடாக் கடைகளை நாடெங்கும் பரப்பியவர். 1996 குளிர்காலத்தில் புகழ்பெற்ற ஆட்டக்காரர்களைப் பெரும் தொகை கொடுத்துச் சேர்த்தார். ஜிம் லேலண்ட் என்னும் அனுபவம் மிக்க மேலாளரையும் அழைத்துவந்தார்.

1997 அக்டோபர் 26 அன்று கிளீவ்லண்ட் அணியுடன் ஏழாவது ஆட்டம். தொடர் மூன்றுக்கு மூன்று என்று சமநிலையில் நின்றது. ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை பின்தங்கியிருந்த மார்லின்ஸ் அந்த இன்னிங்சில் இரண்டுக்கு இரண்டு என்று சமன் செய்தது. பதினொன்றாவது இன்னிங்சில், கொலம்பிய நாட்டு இளைஞர் எட்கர் ரெண்டெரியா அடித்த பந்து, வீசியவரின் கையுறையை உரசி நடுக்களத்தில் விழுந்தது. கிரெய்க் கவுன்செல் கைகளை உயர்த்தியபடி ஓடிவந்து வெற்றி ஓட்டத்தை முடித்தார்.

தொடரின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் லிவான் ஹெர்னாண்டஸ். கியூபாவிலிருந்து 1995இல் தப்பி வந்த பந்துவீச்சாளர். அப்போது வயது இருபத்திரண்டு. இரண்டாண்டாகத் தாயைப் பாராதவர். அந்த ஏழாவது ஆட்டத்துக்காக அவருடைய தாய்க்கு விசா கிடைத்து, ஹவானாவிலிருந்து மயாமிக்கு வந்து சேர்ந்தார். மகன் கோப்பை வாங்குவதைத் தாய் கண்டார்.

இதையும் அண்ணன் அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தார். “அந்த அம்மா வந்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். நீங்களும் ஒருமுறை இங்கே வர வேண்டும்” என்று முடிந்திருந்தது கடிதம். அப்பா அந்தப் பகுதியை இரண்டு முறை படித்தார்.

*

1998 ஆகஸ்டில், ஆடி மாதத்தின் கடைசி வாரம், எங்கள் தந்தை இறந்தார். நெஞ்சுவலி, மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்தது. அக்காள் திருமணமாகி ஓராண்டு கடந்திருந்தாள். தம்பி இளங்கலை இரண்டாம் ஆண்டு. கடைத்தெருவின் ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து நாங்கள் இருவரும் அண்ணனை அழைத்தோம். கண்ணாடிக் கூண்டுக்குள் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. செய்தியைச் சொன்னோம். நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, “என்னால வர முடியாது. நீங்களே எல்லாம் முடிச்சிடுங்க” என்றார். இணைப்பு அறுந்தது. மறுபடி அழைக்கக் கையில் பணம் போதவில்லை.

மூத்த பிள்ளை வைக்க வேண்டிய கொள்ளியை இளையவன் வைத்தான். ஊரார், “பெரியவன் எப்போ வர்றான்?” என்று கேட்டபோதெல்லாம் அக்காள் பதில் சொன்னாள், ஒவ்வொருவருக்கும் வேறு வேறு பதில். அண்ணன் அதற்குப் பின் இரண்டாண்டு கழித்துத்தான் வந்தார். பெட்டி நிறையப் பொருள்கள் கொண்டுவந்தார். அப்பாவின் படத்துக்கு முன் நின்றார். அந்த நாளைப் பற்றி அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பிறகு பலமுறை வந்து போனார். 2019இல் அம்மா இறந்தபோது முதல் விமானத்தில் வந்துவிட்டார். ஆனால் 1998 எங்களுக்கிடையே அப்படியே இருந்தது. “நீங்களே முடிச்சிடுங்க” என்ற சொல்லை நாங்கள் இருவரும் எங்களுக்குள் எத்தனையோ முறை திரும்பச் சொல்லியிருக்கிறோம். ஒருவர் மறக்கத் தொடங்கினால் மற்றவர் நினைவூட்டுவோம்.

*

2024 கோடையில் அண்ணன் மகளின் திருமணத்துக்காக நாங்கள் ஃபுளோரிடா சென்றோம். திருமணம் முடிந்த மறுவாரம், “ஒரு மேட்ச் பார்க்கலாம், வாங்க” என்றார் அண்ணன். எங்களுக்கு விருப்பமில்லை; மறுக்கவும் இயலவில்லை.

அணியின் பெயர் இப்போது மயாமி மார்லின்ஸ். 2012 முதல், கியூப மக்கள் மிகுந்து வாழும் லிட்டில் ஹவானா பகுதியில், திறந்து மூடும் கூரையுள்ள அரங்கில் ஆடுகிறார்கள். அன்று இருக்கைகளில் பெரும்பகுதி காலியாகவே இருந்தது. முந்தைய ஆண்டு நன்றாக ஆடி அடுத்த சுற்றுக்குச் சென்ற அணி, அந்த ஆண்டு தோல்வி மேல் தோல்வி கண்டு, ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகப் பிற அணிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பருவ முடிவில் நூறு ஆட்டங்களில் தோற்றிருந்தது.

“இதெல்லாம் ஒண்ணுமே இல்ல. தொண்ணூத்தெட்டுல பாத்திருக்கணும்” என்றார் அண்ணன். அந்த ஆண்டை அவர் வாயால் நாங்கள் கேட்டது அதுவே முதல் முறை. அப்புறம் அவரே சொல்லத் தொடங்கினார். முதலில் அணியைப் பற்றித்தான்.

கோப்பை வென்ற மயக்கம் மயாமியில் இரண்டு வாரம் சற்றுக் கூடுதலாக இருந்ததாம். ஹைசெங்கா, அணியால் தமக்குப் பெரும் நட்டம் என்றும், அரசுப் பணத்தில் புதிய அரங்கம் கட்டித் தராவிட்டால் நடத்த முடியாதென்றும் சொல்லிவந்தவர். அணியை விற்கப்போவதாக வெற்றிக்கு முன்பே அறிவித்திருந்தார். விற்பதற்கு முன் சம்பளச் சுமையைக் குறைக்கத் தொடங்கினார். நவம்பரில் மொய்சஸ் ஆலூ ஹூஸ்டனுக்கு. இறுதிக்கட்டப் பந்துவீச்சாளர் ராப் நென் சான் பிரான்சிஸ்கோவுக்கு. டெவோன் ஒயிட் அரிசோனாவுக்கு. தொடக்க நாள் முதல் அணியில் இருந்த ஜெஃப் கோனைன் கான்சஸ் சிட்டிக்கு. டிசம்பரில் கெவின் பிரவுன் சான் டியேகோவுக்கு. பிப்ரவரியில், ஏழாவது ஆட்டத்தைத் தொடங்கி வீசிய ஆல் லைட்டர் நியூயார்க் மெட்ஸுக்கு. பத்திரிகைகள் இதற்குத் தீ விபத்துக்குப் பின் கடைக்காரர் சரக்கைத் தள்ளிவிடும் விற்பனையின் பெயரையே சூட்டின.

1998 பருவத்தின் முதல் ஆட்டத்தில் சிகாகோ கப்ஸ் அணியை மார்லின்ஸ் வென்றது. “பரவாயில்லையே என்று நினைத்தோம்” என்றார் அண்ணன். அடுத்த பதினோரு ஆட்டங்களிலும் தோற்றது. மே மாத நடுவில் எஞ்சியிருந்த பெரிய பெயர்களும் போயின. கேரி ஷெஃபீல்ட், பாபி போனியா, சார்லஸ் ஜான்சன் உள்ளிட்டோர் லாஸ் ஏஞ்சலிஸுக்கு அனுப்பப்பட, அங்கிருந்து மைக் பியாட்ஸா வந்தார். பின்னாளில் புகழ்மன்றத்தில் இடம்பெற்ற பெரும் ஆட்டக்காரர் அவர். மார்லின்ஸ் உடையில் ஐந்து ஆட்டம் மட்டுமே ஆடினார். ஒரு வாரத்தில் அவரும் மெட்ஸுக்கு மாற்றப்பட்டார். அண்ணன் அந்த ஐந்தில் ஒன்றைப் பார்த்திருக்கிறார். “வீட்டுக்கு வந்த விருந்தாளி செருப்பைக்கூடக் கழட்டாம போன மாதிரி” என்றார்.

செப்டம்பர் முதல் இரு நாள்களில் அரங்கில் கூட்டம் இருந்தது. செயிண்ட் லூயிஸ் அணியின் மார்க் மெக்வயர், ஒரு பருவத்தில் அதிக ஹோம் ரன் அடித்த பழைய சாதனையை முறியடிக்கும் தறுவாயில் இருந்தார். தம்முடைய 56 முதல் 59 வரையிலான நான்கு ஹோம் ரன்களை அந்த இரு நாள்களில் மயாமியில்தான் அடித்தார். உள்ளூர் மக்கள் எழுந்து நின்று எதிரணிக்காரரைக் கொண்டாடினர். நான்கில் முதலாவது, லிவான் ஹெர்னாண்டஸ் வீசிய பந்து. பத்து மாதத்துக்கு முன் இதே களத்தில் அந்த இளைஞர் ஊரின் செல்லப்பிள்ளை. 1998இல் அவர் 234 இன்னிங்சுக்கு மேல் பந்து வீசினார். அவ்வளவு இளம் தோளுக்கு அது மிகை என்று பலர் கண்டித்தனர். 10 வெற்றி, 12 தோல்வி.

அதே லிவானுக்கு ஒரு மூத்த சகோதரர் உண்டு; தந்தை ஒருவர், தாய் வேறு. ஒர்லாண்டோ ஹெர்னாண்டஸ். தம்பி போனபின், அவரும் போய்விடுவார் என்ற ஐயத்தில் கியூபாவில் அவருக்கு ஆடத் தடை விதிக்கப்பட்டது. தம்பி கோப்பை வென்றபோது அண்ணன் ஹவானாவில் இருந்தார். இரண்டு மாதம் கழித்து, 1997 டிசம்பரில் படகேறித் தப்பினார். 1998 ஜூனில் நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக வீசத் தொடங்கினார். அந்த யாங்கீஸ் 114 ஆட்டங்களில் வென்றது. உலகத் தொடரையும் வென்றது. ஒரே ஆண்டில் ஒரு சகோதரர் அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த அணியில். மற்றவர் மிக மோசமான அணியில். அக்டோபரில் ஒர்லாண்டோவின் தாயும் இரு மகள்களும் கியூபாவிலிருந்து அனுமதி பெற்று நியூயார்க் வந்து சேர்ந்தனர்.

மார்லின்ஸ் 54 வெற்றி, 108 தோல்வி என்று பருவத்தை முடித்தது. தன் பிரிவில் கடைசி; முதலிடத்து அட்லாண்டாவைவிட 52 ஆட்டம் பின்தங்கி நின்றது. உலகத் தொடர் வென்ற அணி மறு ஆண்டே நூறு ஆட்டங்களுக்கு மேல் தோற்றது அதுவே முதல் முறை. ஜிம் லேலண்ட் பருவம் முடிந்ததும் விலகினார். 2024இல் அவரும் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டார். ஹைசெங்கா 1999 தொடக்கத்தில் அணியை வேறொருவருக்கு விற்றார்.

*

இத்தனையும் சொன்னபின் அண்ணன் கைப்பையிலிருந்து ஒரு பழைய உறையை எடுத்தார். உள்ளே ஒரு நுழைவுச்சீட்டின் பாதி. மை மங்கியிருந்தது, ஆண்டு மட்டும் தெரிந்தது.

“அப்பா போன மறுநாள் சாயங்காலம்” என்றார்.

நாங்கள் பேசவில்லை. களத்தில் ஏதோ நடந்து சிலர் கைதட்டினர்.

அவருக்கு அப்போது வேலை போய் ஆறு வாரம் ஆகியிருந்ததாம். புதிய நிறுவனம் ஒன்று எடுத்துக்கொள்ள இசைந்து, அதற்கான விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. முடிவு வருமுன் நாட்டைவிட்டு வெளியேறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும்; திரும்பி வர வழியில்லை. வேலை போனதை வீட்டுக்கு எழுதவில்லை. அப்பா கலங்குவார் என்று. அப்பா இறந்த செய்தி வந்தபோதும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகும் என்று. அக்காளின் திருமணத்துக்கு வாங்கிய கடனில் அப்போது பாதிகூட அடையவில்லை. திரும்ப முடியாமற்போனால் அதை யார் அடைப்பது? இதை அவர் களத்தைப் பார்த்தபடியே சொன்னார். அக்காள் முகத்தை மூடிக்கொண்டாள். அந்தக் கடன் எவ்வளவு, எப்போது அடைந்தது என்று இருபத்தாறு ஆண்டில் ஒருமுறைகூட நாங்கள் கேட்டதில்லை.

“மேட்ச்சுக்கு ஏன் போனே?” என்று அக்காள் கேட்டாள். குரலில் பழைய கோபத்தின் மிச்சம் இருந்தது. தந்தை எரிந்த மறுநாள் விளையாட்டுப் பார்க்கப் போனவரை என்னவென்பது?

“ரூம்ல நாலு பேர் பாப்பா. அழ இடம் இல்ல” என்றார் அண்ணன்.

அது கால்பந்துக்காகக் கட்டப்பட்ட பேரரங்கம். ஏழாவது ஆட்டத்தன்று அறுபத்தேழாயிரம் பேருக்கு மேல் நிறைந்திருந்த இடம். அன்று மாலை மேல் அடுக்கில் விரல்விட்டு எண்ணக்கூடிய தலைகள்தாம். சீட்டு மலிவு. மேலே போய் உட்கார்ந்துகொண்டார். எதிரணி எதுவென்று இப்போது நினைவில்லை. மார்லின்ஸ் தோற்றது என்பது மட்டும் நினைவிருக்கிறது. நான்கு இருக்கை தள்ளி ஒரு கியூப முதியவர். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என்ன என்று கேட்டாராம். அண்ணன் தமக்குத் தெரிந்த இரண்டு மூன்று ஸ்பானியச் சொற்களில் சொன்னார். முதியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஆட்டம் முடியும்வரை அதைத் தலையில் வைக்கவில்லை. வேறொன்றும் பேசவுமில்லை. அந்த அரங்கில் சொந்த நாட்டில் நடந்த சாவுக்குப் போக முடியாதவர்கள் பலர் இருந்திருப்பார்கள் என்று அண்ணன் பின்னால்தான் எண்ணிப் பார்த்தாராம்.

“அவங்க தோத்துக்கிட்டே இருந்தாங்க. ஆனா கடைசி பந்து வரைக்கும் ஓடினாங்க. நல்லா ஆடறவங்க எல்லாம் போயிட்டாங்க, மிச்சம் இருந்தது சின்னப் பசங்க. அதைப் பாத்துக்கிட்டே இருந்தேன். அந்த வருஷம் முடியிற வரைக்கும் முடிஞ்சப்பெல்லாம் போனேன்.”

*

வகுப்பில் புறத்திணை நடத்தும்போது தம்பி ஆண்டுதோறும் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. தொல்காப்பியர் புறத்திணைகளை வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை, காஞ்சி, பாடாண் என்று வரிசைப்படுத்துகிறார். வாகை வெற்றி, அதை அடுத்து நிற்பது காஞ்சி, அதாவது நிலையாமை. பிற்கால நூலான புறப்பொருள் வெண்பாமாலையில் இந்த வரிசை மாறிவிடுகிறது. காஞ்சியின் பொருளும் மாறிவிடுகிறது. பழைய வரிசையில் மட்டுமே வென்றவன் மாலை வாடுமுன் நிலையாமை வந்து நிற்கிறது. 1997ஐ அடுத்த 1998க்கு இதைவிடப் பொருத்தமான உரை கிடையாது என்று நாங்கள் முதலில் எண்ணினோம்.

ஆனால் அன்றிரவு உறக்கம் வராமல் கிடந்தபோது வேறொன்று நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு புறத்திணைக்கும் தொல்காப்பியர் ஓர் அகத்திணையை இணையாகச் சொல்கிறார். வெட்சிக்குக் குறிஞ்சி, வஞ்சிக்கு முல்லை. வாகைக்கு இணை பாலை. பாலை என்பது பிரிவு. வெற்றிக்கும் பிரிவுக்கும் என்ன உறவு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. வெல்லப் புறப்படுபவன் வீட்டைப் பிரிந்தாக வேண்டும் என்று உரையாசிரியர் வழிநின்று விடை சொல்லி நகர்ந்துவிடுவோம். பொருள் தேடப் போகிறவனின் பிரிவும் பாலைதான். பாலைப் பாட்டுகளில் போனவனின் குரலைக் காட்டிலும் இருப்பவர்களின் குரலே எங்கள் காதில் மிகுதியாக ஒலித்துவந்திருக்கிறது. காரணம் எளிது, நாங்கள் இருந்தவர்கள். போனவன் சுரத்தின் நடுவில் நின்று நெஞ்சோடு பேசும் பாட்டுகளும் அதே தொகைகளில் இருக்கின்றன. ஆண்டுதோறும் அவற்றைக் கற்பித்துக்கொண்டுதான் இருந்தோம்.

*

1998இன் கதைக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. அண்ணன் அதை மறுநாள் காலை காப்பியுடன் சொன்னார். அமெரிக்கப் பேஸ்பாலில் புதிய இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும்போது மோசமாக ஆடிய அணிக்கு முன்னுரிமை. 108 தோல்விகளின் பயனாக மார்லின்ஸுக்கு 1999இல் இரண்டாவது தேர்வு கிடைத்தது. ஜாஷ் பெக்கெட் என்னும் டெக்சஸ் இளைஞரை எடுத்தார்கள். கெவின் பிரவுனைக் கொடுத்தபோது வந்த டெரெக் லீ வளர்ந்தார். பியாட்ஸாவைக் கொடுத்தபோது வந்தவர்களில் ஒருவரைக் கொடுத்து, மயாமிப் பகுதியிலேயே வளர்ந்த மைக் லோயலை யாங்கீஸிடமிருந்து பெற்றார்கள். வந்த சில வாரங்களில் லோயலுக்குப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. சிகிச்சை பெற்று அதே ஆண்டில் களத்துக்குத் திரும்பினார். 2003 அக்டோபர் 25 அன்று, யாங்கீஸின் சொந்தக் களத்தில், பெக்கெட் ஒருவரே ஒன்பது இன்னிங்சும் வீசி, எதிரணிக்கு ஓர் ஓட்டம்கூடக் கொடுக்காமல் ஆட்டத்தை முடித்தார். கடைசி ஆட்டக்காரரைப் பந்தால் தொட்டு வெளியேற்றியதும் அவரே. மார்லின்ஸ் மீண்டும் உலகத் தொடரை வென்றது.

கதையை இங்கே முடித்தால் ஆறுதலாக இருக்கும். எதுவும் வீண் போவதில்லை என்று மேடையில் சொல்லலாம். ஆனால் 1998இல் தோற்றவர்களில் பெரும்பாலோர் 2003இல் அங்கே இல்லை. விதைத்தவர் அறுக்கவில்லை. 2005 நவம்பரில் பெக்கெட்டும் லோயலும் பாஸ்டனுக்கு அனுப்பப்பட்டார்கள். வாகையும் காஞ்சியும் மாறி மாறி வந்துகொண்டிருக்கின்றன. இடையில் சிலர் காலி இருக்கைகளுக்கு முன் கடைசிப் பந்து வரை ஓடுகிறார்கள். அண்ணனுக்கு 2003இன் வெற்றி மகிழ்ச்சியே. ஆனால் அவர் பத்திரப்படுத்தி வைத்திருப்பது 1998இன் சீட்டைத்தான். “ஜெயிச்சப்ப எல்லாரும் இருந்தாங்க” என்று மட்டும் சொன்னார்.

புறப்படுவதற்கு முதல்நாள் இரவு, சாப்பிட்ட தட்டுகளை எடுக்காமல் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் திடீரென்று கேட்டார்: “அன்னைக்கு மழை பெஞ்சுதா?”

எந்த நாள் என்று நாங்கள் கேட்கவில்லை.

பெய்யவில்லை என்றோம். வெயில் கடுமையாக இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள். பாடையின் முன்பக்கம் யார் யார் தூக்கினார்கள். ஆற்றங்கரையில் விறகு ஈரமாக இருந்து எவ்வளவு நேரம் பிடித்தது. கொள்ளிக்குடத்தோடு சுற்றி வரும்போது தம்பியின் கால் தடுக்கியதும், பெரியப்பா தோளைப் பிடித்துக்கொண்டதும். தலையணையடியில் இருந்த கடிதங்களை அம்மா எடுத்துச் சட்டைப்பையில் வைத்து அனுப்பியதும். அவற்றில் மேலே இருந்தது பேஸ்பால் கடிதம் என்பதும் எல்லாம் சொன்னோம். ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்துச் சொன்னோம். அண்ணன் சில இடங்களில் நிறுத்தி, மறுபடி சொல்லச் சொன்னார். சொல்லி முடிக்கும்போது நள்ளிரவு கடந்திருந்தது.

“அப்பா அந்த லெட்டர்ல எதாவது திருத்தினாரா?” என்று கேட்டார்.

இல்லை, பென்சிலை எடுத்தார், திருத்தவில்லை என்றோம்.

அடுத்த ஆண்டு ஆடியில் அண்ணன் ஊருக்கு வந்தார். மூவருமாக ஆற்றங்கரைக்குப் போய் அப்பாவுக்குத் திதி கொடுத்தோம். ஐயர், யார் செய்வது என்று கேட்டார். “நாம் எல்லோரும்தான்” என்றார் அண்ணன்.